முருங்கையிலையில் எத்தனை மில்லிகிராம்?

கட்டுரைக்கு மிஸ் தந்த தலைப்பு இரண்டே சொல்: உள்ளூர்க் கீரை. அதற்குள் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். 3000 சொல், ஆறு வாரம், குறைந்தது பதினைந்து மூலங்கள், அதில் பாதியாவது நூலகத்தில் தேடி எடுத்தவையாக இருக்க வேண்டும். வகுப்பில் ஒருத்தி வல்லாரையை எடுத்தாள், இன்னொருத்தி பொன்னாங்காணியை. நான் முருங்கையிலையை எடுத்தேன். காரணம் சோம்பல்தான். முருங்கையிலையில் இரும்புச்சத்து அதிகம் என்று எங்கள் வீட்டில் சுவருக்குக்கூடத் தெரியும். தெரிந்ததை எழுத என்ன கஷ்டம்?

அன்று இரவே முதல் வரியை எழுதிவிட்டேன். 'முருங்கையிலையில் 100 கிராமுக்கு 28 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது.' போனில் தேடியபோது வந்த முதல் நான்கு இடங்களிலும் அதே 28 இருந்தது. நான்கு பேர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்று படுத்துவிட்டேன். அந்த ஒரு வரியை வெட்ட எனக்கு ஐந்து வாரம் எடுத்தது.

சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் பஸ் ஏறி, கொள்ளுப்பிட்டியில் இறங்கி, தர்மபால மாவத்தை வழியே நடந்தேன். விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றிக்கொண்டு போனால் கொழும்பு பொது நூலகம். 1925இல் தொடங்கியது, இப்போதுள்ள கட்டடம் 1980இல் திறந்தது. சின்ன வயதில் அப்பாவோடு வந்து கதைப்புத்தகம் எடுத்ததோடு சரி, அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. போசாக்குப் புத்தகமெல்லாம் ஒரு தட்டில் வரிசையாக நிற்கும், நாலைந்தை உருவிக்கொண்டு மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போகலாம் என்பதுதான் திட்டம்.

அரை மணித்தியாலம் தட்டுத் தட்டாக அலைந்ததைப் பார்த்துவிட்டு அங்கே வேலை செய்யும் ஐயா ஒருவர் கிட்ட வந்தார்.

"மகள் என்ன தேடுறீங்க?"

"முருங்கையிலை ஐயா."

"சமைக்கவா, வளர்க்கவா, மருந்துக்கா?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. நூலகங்கள் புத்தகங்களை விஷயவாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்புமுறையில் ஒரே இலை ஏழு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. உணவில் என்ன சத்து இருக்கிறது என்பது 641.1. சமையல் 641.5. எதைச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்ற வகைப் புத்தகங்கள் 613.2. சாப்பிட்டது வயிற்றில் என்ன ஆகிறது என்பது 612.3. தோட்டத்தில் வளர்ப்பது 635. மூலிகை மருந்து 615. உணவுத் தொழில்நுட்பம், காயவைப்பது, பொடியாக்குவது எல்லாம் 664. ஐயா இதை ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதித் தந்தார். அந்தத் துண்டு இன்னும் என் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டியிருக்கிறது. போசாக்கு படிக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: 613.2க்கு முன்னால் போய் நின்றுகொண்டு புத்தகம் இல்லை என்று சொல்லாதீர்கள். அந்தத் தட்டில் மெலிவதற்கு வழி சொல்லும் புத்தகங்கள்தான் நிறைய இருக்கும். கட்டுரைக்கு வேண்டியது அநேகமாக 641.1லும் 612.3லும்தான்.

அடுத்த சிக்கல் பெயர். பட்டியலிலும் இணையத்திலும் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது? ஆங்கிலத்தில் 'டிரம்ஸ்டிக்' என்று போட்டால் கோழிக்காலும் மேளக் குச்சியும் வருகின்றன. தாவரப் பெயர் மொரிங்கா ஒலெய்ஃபெரா. மொரிங்கா என்ற சொல்லே நம் முருங்கையிலிருந்து போனது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் பழைய புத்தகங்களில் அதே மரம் மொரிங்கா டெரிகோஸ்பெர்மா என்று இருக்கும். அது தெரியாமல் தேடினால் பழைய ஆய்வெல்லாம் கண்ணில் படாது. தமிழிலும் இதே கதைதான். நாங்கள் முருங்கையிலை என்போம், தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அது முருங்கைக்கீரை. நூலகம் நிறுவனத்தின் எண்மிய நூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளையும் சிறுநூல்களையும் துழாவும்போது இரண்டு சொல்லையும் போட்டுப் பார்த்தேன்.

இந்தப் பெயர் விஷயத்தில் நான் விழுந்த குழி ஒன்று உண்டு. இலங்கைக் கீரைகள் பற்றிய ஓர் ஆங்கில அறிக்கையில் சிங்களப் பெயர்களை அப்படியே போட்டிருந்தார்கள். 'கத்துருமுருங்கா' என்ற வரியைக் கண்டதும் முருங்கைதானே என்று கல்சியம் எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். பெரிய எண். சந்தோசமாக இருந்தது. வீட்டில் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினால் அவ சிரிக்கிறா.

"அது அகத்தியெல்லே பிள்ளை. கத்துருமுருங்கா எண்டா அகத்தி. மருந்து சாப்பிடேக்க சாப்பிடக்கூடாது எண்டுவினமே, அது."

சரிதான். இந்திய உணவுச் சத்து அட்டவணையைப் பிறகு பார்த்தபோது அகத்திக்கு 100 கிராமில் 1130 மில்லிகிராம் கல்சியம் என்றிருந்தது, முருங்கையிலைக்கு 440. அம்மம்மா இல்லாவிட்டால் அகத்தியின் கல்சியம் முருங்கையின் கணக்கில் ஏறியிருக்கும். அதன்பிறகு தாவரப் பெயர் இல்லாத எந்த எண்ணையும் கொப்பியில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இனி அந்த 28.

போனில் கண்ட நான்கு இடங்களில் மூன்றில் எந்த ஆதாரமும் இல்லை. நான்காவதில் ஒரு கட்டுரையைக் காட்டியிருந்தார்கள். அந்தக் கட்டுரை இன்னொரு கட்டுரையைக் காட்டியது, அது மூன்றாவதை. கடைசியில் போய் நின்றது 1999இல் செனகலில் முருங்கையைப் பரப்பிய ஒரு தொண்டு நிறுவனத்தின் புத்தகத்தில். அதிலுள்ள அட்டவணையில் முருங்கைக்காய், பச்சை இலை, இலைப்பொடி என்று மூன்று நிரல். 28.2 என்பது இலைப்பொடிக்கு. பச்சை இலைக்கு 7. நான் எழுதிய வரியில் பொடி என்ற சொல்லே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் முருங்கையிலையைப் பொடியாக்கிச் சாப்பிட்டதும் இல்லை, வறையோ சொதியோதான், அல்லது நண்டுக்கறி இறக்கும்போது ஒரு பிடி.

அந்த அட்டவணையோடு ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். பச்சை இலையில் நாலில் மூன்று பங்கு தண்ணீர். காயவைத்துப் பொடியாக்கினால் தண்ணீர் போய்விடும், மிச்சமெல்லாம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகச் செறியும். 7ஐ நான்கால் பெருக்கினால் 28. கணக்குச் சரி. அதாவது பொடியில் புதிதாக எந்தச் சத்தும் வந்துவிடவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. ஆனால் விற்றமின் சீ வரியைப் பாருங்கள்: பச்சை இலையில் 220 மில்லிகிராம், பொடியில் 17.3. காயவைக்கும்போது அழிந்துவிட்டது. 'தோடம்பழத்தைவிட ஏழு மடங்கு விற்றமின் சீ' என்று விளம்பரங்களில் வருவது பச்சை இலையின் எண். அதே விளம்பரத்தில் அடுத்த வரியாக வரும் இரும்பு, பொடியின் எண். எந்த நிரலில் எது பெரிதோ அதைப் பிடுங்கி ஒரே இலையின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அப்படி ஒரு இலை எந்த மரத்திலும் இல்லை.

சரி, பச்சை இலைக்கு 7 என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அங்கேதான் இரண்டாவது கூத்து.

இந்தியாவிலும் இலங்கையிலும் உணவுச் சத்துக் கணக்குக்குப் பெரிய வேர் ஒன்று உண்டு. 1918இல் ராபர்ட் மக்கரிசன் குன்னூரில் தொடங்கிய ஒரு சிறு ஆய்வுப் பிரிவு, விற்றமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியது. அதுவே வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போய், 1969இல் தேசிய போசாக்கு நிறுவனம் ஆனது. குன்னூரில் இருந்தபோதே 1937இல் அய்க்ராய்ட் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைச் சிறு வெளியீடாகக் கொண்டுவந்தார். பிறகு 1971இல் கோபாலனும் மற்ற இருவரும் அதைப் பெரிய புத்தகமாக்கினார்கள். தெற்காசியாவில் போசாக்குப் படித்தவர்கள் கை படாத புத்தகம் அல்ல அது.

அதைத் தேடி ஒரு மருத்துவ நூலகத்துக்குப் போனேன். கல்லூரியின் கடிதம் காட்டினால் உள்ளே இருந்து வாசிக்க விட்டார்கள். நேரம் குறைவு, அட்டவணைப் பக்கத்தை மட்டும் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கே வேறு கல்லூரியில் படிக்கும் என் சிநேகிதி, தங்கள் நூலகத்தில் உள்ள அதே புத்தகத்தின் அதே பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். அவளது படத்தில் முருங்கையிலைக்கு இரும்பு 7.0. என் போட்டோக்கொப்பியில் 0.85.

அவளைக் கூப்பிட்டு, "உன்ர படம் மங்கல், எண் சரியாத் தெரியேல்ல" என்றேன். "கண்ணாடியைப் போட்டுப் பார்" என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன், 7.0தான். ஒரே புத்தகம், ஒரே வரி, கல்சியம் இரண்டிலும் 440, விற்றமின் சீ இரண்டிலும் 220, ஈரப்பதன்கூட ஒன்றுதான். இரும்பு மட்டும் எட்டு மடங்கு வித்தியாசம். அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கினேன்.

விடை தலைப்புப் பக்கத்தில் இருந்தது. நான் அதைக் கொப்பி எடுக்கவில்லை. திரும்பவும் பஸ், திரும்பவும் கடிதம், திரும்பவும் அதே மேசை. நான் பார்த்தது 1989இல் திருத்திய பதிப்பு, அவளிடம் இருந்தது பழையது. 1989இல் கீரைகளினதும் தானியங்களினதும் இரும்பு எண்களை மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். ஸ்பினாச் கீரைக்குப் பழைய எண் 10.9, புதியது 1.14. தண்டுக்கீரைக்கு 25.5 இருந்தது 3.49 ஆகியிருக்கிறது. முழுக் கோதுமை மா 11.5இலிருந்து 4.9. கூடினது ஒன்றையும் நான் காணவில்லை.

இலையில் இரும்பை அளப்பது எவ்வளவு தொல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. உலகம் முழுக்க மண்ணிலும் தூசியிலும் இரும்பு இருக்கிறது. இலையைச் சரியாகக் கழுவாவிட்டால் மண்ணின் இரும்பும் சேர்ந்து அளக்கப்படும். இரும்புக் கத்தியால் வெட்டினால், இரும்பு ஆலையில் அரைத்தால், அதிலிருந்தும் சேரும். 100 கிராமில் ஒன்றிரண்டு மில்லிகிராமைத் தேடும்போது ஒரு சிட்டிகைத் தூசி போதும் கணக்கைக் குழப்ப. காலி வீதியோரம் தட்டில் விரித்து வைத்திருக்கும் முருங்கையிலைக் கட்டை நினைத்துப் பார்த்தேன். பஸ் புகையும் தூசியும் படிந்து, கையால் தடவினால் விரல் கறுக்கும்.

கதை 0.85இலும் நிற்கவில்லை. ஐதராபாத் நிறுவனமே 2017இல் எல்லாவற்றையும் புதிதாக அளந்து வேறொரு அட்டவணை வெளியிட்டது. இந்தியாவை ஆறு பிரதேசமாகப் பிரித்து மாதிரி எடுத்து, 528 உணவுகளை அளந்திருக்கிறார்கள். அதில் முருங்கையிலைக்கு இரும்பு 4.56. கல்சியம் 440 அல்ல, 314. விற்றமின் சீ 220 அல்ல, 108. அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தரவில் இரும்பு 4, கல்சியம் 185, விற்றமின் சீ 51.7. மரத்தின் இனம், மண், இலையின் வயது, பறித்து எத்தனை நாள் என்று ஒவ்வொன்றும் எண்ணை அசைக்கும். இலங்கைக்கென்று 1979இல் ஓர் அட்டவணை வந்திருக்கிறது. இந்த விஷயத்தை யாராவது எடுத்து எழுதினால் அதிலிருந்து தொடங்கச் சொல்வேன். நான் கடைசியாகத்தான் அதற்கு வந்தேன், அது என் பிழை.

இப்போது என்னிடம் 28.2, 7, 4.56, 4, 0.85 என்று ஐந்து எண். கொப்பியை விட்டுவிட்டு அட்டைத்துண்டுகளுக்கு மாறினேன். ஒரு எண்ணுக்கு ஒரு அட்டை. மேலே எண், அதன் கீழே அலகு, பச்சையா காய்ந்ததா, தாவரப் பெயர், யார் அளந்தது, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம். 'யார் அளந்தது' என்ற இடத்தில் 'இன்னொருவரிடமிருந்து எடுத்தது' என்று எழுத நேர்ந்தால் அட்டையின் மூலையை மடித்துவைத்தேன். முதல் வாரத்தில் சேர்த்த இருபத்திரண்டு எண்ணில் பதினாறின் மூலை மடிந்தது. வெட்கமாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் ஸ்பினாச்சுக் கதைக்குள் போய் மாட்டிக்கொண்டேன். கட்டுரைக்கு அது தேவையே இல்லை, ஆனால் இரண்டு நாள் அதிலேயே போனது. எல்லாரும் கேள்விப்பட்ட கதைதான்: யாரோ ஒரு ஜெர்மன் விஞ்ஞானி தசமப் புள்ளியைத் தள்ளிப்போட்டு எழுதிவிட்டார், அதனால் ஸ்பினாச்சில் பத்து மடங்கு இரும்பு இருப்பதாக உலகம் நம்பியது, ஸ்பினாச் தின்று பலம் பெறும் பப்பாய் கார்ட்டூனும் அதனால்தான். 10.9க்கும் 1.14க்கும் இடையில் இருப்பதும் ஏறக்குறையப் பத்து மடங்குதானே, இதை முகவுரையில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று ஆசை.

ஆனால் அட்டைப் பழக்கம் வந்துவிட்டதே. யார் அளந்தது, எந்த ஆண்டு? தேடிப் போனால் கதை 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஹாம்ப்ளின் என்ற மருத்துவர் எழுதிய ஒரு கட்டுரைக்குப் போகிறது. அறிவியலில் நடந்த போலித்தனங்களைப் பற்றிய கட்டுரை அது. அதில் தசமப் புள்ளிக் கதைக்கு ஆதாரம் எதுவும் காட்டப்படவில்லை. 2010இல் மைக் சட்டன் என்ற ஆய்வாளர் இதன் வேரைத் தோண்டிப் பார்த்து, அப்படியொரு புள்ளிப்பிழை நடந்ததற்குச் சான்று இல்லை என்று எழுதினார். பப்பாய்கூட 1930களின் தொடக்கத்து கார்ட்டூனில் இரும்புக்காக ஸ்பினாச் சாப்பிடவில்லை, விற்றமின் ஏக்காகத்தான் சாப்பிட்டான். 2014இல் ரெக்டால் என்ற நோர்வேக்காரர் இதே கதையை எடுத்து, ஆய்வாளர்கள் மூலத்தை வாசிக்காமல் ஒருவர் பின்னால் ஒருவராக எப்படிப் பிரதிபண்ணுகிறார்கள் என்று முழுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். பிழையைப் பற்றிய கதையே பிழை. மேசையில் தனியாக இருந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் ஏ.எல். படிக்கிற பையன் ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.

முகவுரைக்கு அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் விற்றமின் ஏ என்ற சொல் தலையில் நின்றுவிட்டது. அட்டைகளைத் திரும்பப் பார்த்தால், கோபாலன் புத்தகத்தில் முருங்கையிலைக்கு, உடம்பில் விற்றமின் ஏயாக மாறும் கரோட்டீன் 6780 மைக்ரோகிராம். இரும்பைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பக்கத்து நிரலை நான் கவனிக்கவே இல்லை.

நான்காவது வாரம் இன்னொரு கேள்வி வந்தது. இலையில் எவ்வளவு இருந்தால் என்ன, உடம்பு எவ்வளவு எடுக்கிறது? இது 612.3 பக்கத்து விஷயம். ஆனால் புத்தகத்தைவிட ஆய்வுச் சஞ்சிகைகளில்தான் ருசியாக இருக்கிறது. மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளுக்கான பப்மெட் இணையத்தளத்தில் தேடுவது இலவசம். 'இரும்பு' என்று மட்டும் போட்டால் கடல் மாதிரி வரும். அங்கே தரப்படுத்தப்பட்ட தலைப்புச்சொற்கள் உண்டு, 'உணவிலுள்ள இரும்பு' என்ற தலைப்பையும் 'தேத்தண்ணி'யையும் ஆங்கிலத்தில் சேர்த்துப் போட்டபோது வாசிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கியது. முழுக் கட்டுரை காசு கேட்டால் உடனே விட்டுவிடாதீர்கள், பழைய சஞ்சிகைகள் பல இலவசக் களஞ்சியத்திலும் இருக்கின்றன. இல்லாவிட்டால் கல்லூரி நூலகரிடம் கேட்க வேண்டும். நான் கேட்கப் பயந்து ஒரு வாரம் சும்மா இருந்தேன். கேட்டபோது அவருக்குப் பத்து நிமிட வேலை.

அப்படிக் கிடைத்தது 1975இல் கட் என்ற சஞ்சிகையில் வந்த ஆய்வு. சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் கொடுத்து, தேத்தண்ணி குடித்தால் இரும்பு உறிஞ்சுவது குறைகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். குறைகிறது. பாணோடு சாப்பிட்டாலும் குறைகிறது. 1983இல் அமெரிக்காவில் இன்னொன்று: ஹம்பர்கர் சாப்பாட்டோடு ஒரு கோப்பை கோப்பி குடித்தால் உறிஞ்சல் 39 சதவீதம் குறைந்தது, தேத்தண்ணி என்றால் 64 சதவீதம். கோப்பியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பு குடித்தால் பாதிப்பில்லை. ஒரு மணித்தியாலம் பின்பு குடித்தால் கூடவே குடித்த அளவுக்குப் பாதிப்பு. நேரத்தைப் பற்றிய பகுதி கோப்பிக்குச் செய்தது, தேத்தண்ணிக்கு அல்ல. முதல் வரைவில் அதைத் தேத்தண்ணிக்கும் சேர்த்து எழுதிவிட்டு, அட்டையைத் திரும்பப் பார்த்து வெட்டினேன்.

எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கை காய முதல் பிளேன்ரீ வந்துவிடும். அம்மாவிடம் சொன்னேன்.

"உனக்குப் படிப்பிக்கிறது தேத்தண்ணி குடிக்காதே எண்டா?"

"குடியுங்கோ அம்மா, சாப்பாட்டுக்கு முந்தியே குடியுங்கோ."

"அதுக்குப் பிறகு ஆர் சோறு சாப்பிடுறது?"

விவாதம் அத்தோடு முடிந்தது. வறைக்கு மேல் தேசிக்காய்ப்புளி விடுவதில் மட்டும் அம்மா எதிர்ப்புச் சொல்லவில்லை. இலையிலுள்ள இரும்பை உடம்பு உறிஞ்ச விற்றமின் சீ உதவும் என்பதைப் பற்றி ஆய்வுகளும் நிறைய உண்டு, அட்டையின் மூலை மடிக்காமல் எழுத முடிந்த சில விஷயங்களில் அது ஒன்று.

பிறகு சமையலறைத் தராசை எடுத்தேன். 100 கிராம், 100 கிராம் என்று எழுதிக்கொண்டே இருக்கிறோமே, ஒருவர் உண்மையில் எத்தனை கிராம் சாப்பிடுகிறார்? வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய ஒரு கட்டு 210 கிராம் வந்தது. அம்மம்மாவும் நானும் இருந்து உருவினோம். அவ இணுக்கிலிருந்து இலையை ஒரே இழுவையில் உருவுவா, நான் ஒவ்வொன்றாகக் கிள்ளுவேன். உருவி முடித்து, கழுவி, தண்ணீர் வடிந்த பிறகு துணியில் ஒற்றி எடுத்து நிறுத்தேன். 118 கிராம். நெட்டும் இணுக்குமாக 92 கிராம் குப்பைக்கு. வீட்டில் நாலு பேர், ஆளுக்கு ஏறக்குறைய 30 கிராம் இலை.

2017இன் எண்ணை வைத்தால் அந்த 30 கிராமில் 1.4 மில்லிகிராம் இரும்பு. 1989இன் எண்ணை வைத்தால் 0.26. பழைய 7ஐ வைத்தால்கூட 2.1. மாதவிடாய் உள்ள வயதுப் பெண்ணுக்கு, உணவிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கை உடம்பு எடுக்கும் என்று வைத்து, உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் 2004இல் பரிந்துரைத்த அளவு நாளுக்கு 29.4 மில்லிகிராம். 2017இன் எண்ணில், ஒரு வேளை முருங்கையிலை வறை அதில் இருபதில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. கணக்கை மூன்று தரம் போட்டுப் பார்த்தேன். அம்மம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. சொன்னபோது அவ பெரிதாக எடுக்கவும் இல்லை. "அப்ப கண்ணுக்கு நல்லம் எண்டு எழுதன்" என்றா. கரோட்டீனைப் பற்றி நான் அவவிடம் இன்னும் வாய்திறக்கவே இல்லை.

ஐந்தாவது வாரம் தலைப்பை மாற்றினேன். 'முருங்கையிலையும் இரும்புச்சத்தும்' என்று இருந்தது 'முருங்கையிலையின் சத்து எண்கள்: ஒரு ஒப்பீடு' ஆனது. பதினைந்து மூலம் வேண்டும் என்றார்கள், பதினேழு வந்தது. அதில் ஒன்பது அச்சில். எழுதும் வேலை நான்கு நாளில் முடிந்துவிட்டது, அட்டைகளை மேசையில் பரப்பி வரிசையை மாற்றி மாற்றி வைத்தால் பந்தி தானாக வந்தது. முதல் வரியைக் கடைசியாக வெட்டினேன்.

மிஸ் திருப்பித் தந்தபோது நல்ல புள்ளிதான். கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி மட்டும்: 'உங்கள் எண்கள் எல்லாம் பச்சை இலைக்கு. வறையாக்கிய பிறகு?'

அடுத்த நாள் இன்னொரு கட்டு வாங்கினேன். உருவி நிறுத்தபோது 104 கிராம். தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்க்க முதல், வெங்காயம்கூடப் போடாமல், இலையை மட்டும் சட்டியில் வதக்கித் திரும்ப நிறுத்தேன்: 61. அட்டையில் எழுதி, 'யார் அளந்தது' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். அதற்குள் அம்மா வந்து, மிச்சத்துக்குத் தேங்காய்ப்பூ போடவா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறா.